பிள்ளைகளுக்குக் கரீபியன் இசை: எதிலிருந்து தொடங்குவது?

ஜனவரி 9, ஒரு வாசகரின் கேள்வி

மகளுக்கு ஏழு வயது. ஸ்காபரோவில் இருக்கிறோம். பள்ளியில் ஸ்டீல்பேன் (எண்ணெய் டிரம்மில் செய்த வாத்தியம்) பழக்கத் தொடங்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் மேசை, தட்டு, தம்பியின் தலை என்று எல்லாவற்றிலும் தட்டுகிறாள். எனக்குக் கரீபியன் இசை என்றால் பாப் மார்லி, அதை விட்டால் சொகுசுக் கப்பல் விளம்பரத்தில் வருகிற சத்தம். அவ்வளவுதான். பிள்ளைக்கு எதைப் போட்டுக் காட்டுவது? அடிமை வரலாறு எல்லாம் இந்த வயதில் சொல்ல வேண்டுமா? சந்தோசமான இசை என்ற அளவில் விட்டுவிடலாமா?

ஜனவரி 9, இரவு

தம்பி, யூடியூப்பில் "சிறுவர் கரீபியன் இசை" என்று தேடுவதை முதலில் நிறுத்துங்கள். வருவதில் பாதி கீபோர்டில் செய்த ஸ்டீல்பேன் சத்தமும் தென்னைமரப் படமும்தான். பிள்ளை ஏற்கெனவே ஒரு வாத்தியத்தில் கை வைத்துவிட்டாள். அதிலிருந்தே போங்கள்.

கரீபியன் இசை என்று ஒன்று கிடையாது. ஜமேக்காவில் மென்டோ, ஸ்கா, ரெகே. டிரினிடாட்டில் கலிப்சோ, ஸ்டீல்பேன், சோகா. கியூபாவில் சோன், ரும்பா. குவாதலூப்பில் குவோகா. உங்கள் மகள் அடிப்பது டிரினிடாட்டின் வாத்தியம். அந்த ஒரு தீவைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாத் தீவையும் ஒரே சனிக்கிழமையில் சுற்றிக் காட்டினால் ஒன்றும் மனதில் நிற்காது.

வரலாற்றுக்கு நாளைக்கு வருகிறேன். வேலைக்கு நேரமாகிறது.

ஜனவரி 11

வரலாறு சொல்லத்தான் வேண்டும். பாடமாகச் சொன்னால் தூங்கிவிடுவாள். கையில் இருக்கிற சாமானின் கதையாகச் சொல்லுங்கள். எண்ணெய் டிரம்மில் ஏன் வாத்தியம் செய்தார்கள் என்று எந்தப் பிள்ளையும் ஒருநாள் கேட்கும். அதற்கு உண்மையான பதில் சொல்லப் போனாலே முழு வரலாறும் வந்துவிடும்.

டிரினிடாட்டில் அடிமை முறை 1834இல் சட்டப்படி முடிந்தது. பிறகும் நாலு வருசம் "பயிற்சிக் காலம்" என்று சொல்லி அதே தோட்டத்தில் அதே வேலை. 1838 ஆகஸ்ட் 1தான் உண்மையான விடுதலை. விடுதலையானவர்கள் கார்னிவல் என்ற தெருத் திருவிழா நாட்களில் தீப்பந்தமும் மேளமுமாக இரவில் ஊர்வலம் போனார்கள். கான்பூலே என்று அதற்குப் பெயர். முன்பு கரும்புத் தோட்டத்தில் தீப்பிடித்தால் நடு இரவில் சவுக்கைக் காட்டி அடிமைகளை அணைக்க விரட்டுவார்கள். அந்த விரட்டலைத்தான் பிறகு தெருவில் நடித்து, பாடி, ஆடிக் காட்டினார்கள். அதிகாரிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. 1881இல் காவல்துறைத் தலைவர் கப்டன் பேக்கர் போர்ட் ஒஃப் ஸ்பெயினில் ஊர்வலத்தை அடக்கப் போய், தெருவில் பெரிய சண்டையானது. 1884இல் சட்டம் போட்டுத் தெருவில் மேளம் அடிப்பதையே தடுத்தார்கள்.

மேளம் போனது, மூங்கில் வந்தது. டம்பூ பம்பூ என்பார்கள். ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் தடித்த குழாயை நிலத்தில் குத்தினால் அது பூம். முழ நீளத் துண்டுகள் இரண்டை நுனியோடு நுனி இடித்தால் ஃபூலே. மெல்லிய நீளக் கம்பைத் தோளில் சாய்த்துக் குச்சியால் தட்டினால் கட்டர். பல வருசம் கார்னிவல் இப்படித்தான் நடந்தது. 1930களின் கடைசியில் பிஸ்கட் தகரம், பெயின்ட் டப்பா, குப்பைத்தொட்டி, காரின் பிரேக் டிரம் எல்லாம் மூங்கிலோடு கலந்தன. தகரத்தில் பள்ளமும் மேடும் விழுந்த இடங்களில் வேறு வேறு சுரம் வருவதைத் தெருப் பையன்கள் கவனித்தார்கள். வின்ஸ்டன் ஸ்ப்ரீ சைமன், எலி மனெட், அந்தோனி வில்லியம்ஸ் ஆகியோரின் பெயர்கள் கட்டாயம் வரும். யார் முதலில் என்று கேட்டுவிடாதீர்கள். டிரினிடாட்காரர் இருவர் இருக்கிற அறையில் அந்தக் கேள்வி இரவுச் சாப்பாட்டைக் கெடுக்கும்.

ஏழு வயதுக்கு இதன் சுருக்கம்: மேளம் அடிக்காதே என்றார்கள், மூங்கிலை அடித்தார்கள், பிறகு தகரத்தை அடித்தார்கள். விளங்காமல் போகாது. ஒன்றைத் தட்டாதே என்றால் இன்னொன்றை எடுத்துத் தட்டுவது உங்கள் வீட்டிலேயே நடக்கிறதே.

ஜனவரி 12

எண்ணெய் டிரம் அங்கே எப்படி அவ்வளவு கிடைத்தது என்று ஒருவர் கேட்கிறார். டிரினிடாட் எண்ணெய் எடுக்கும் தீவு. போதாததற்கு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சாகுவாராமாஸில் அமெரிக்கக் கடற்படைத் தளம் இருந்தது. 55 கலன் டிரம் வெறுமையாகக் கிடந்தது. அதன் முகத்தைப் பெரிய சுத்தியலால் கிண்ணம் மாதிரிக் குழித்து, சுரங்களுக்கு எல்லை கீறி, நெருப்பில் சுட்டு, சின்னச் சுத்தியலால் சுருதி சேர்ப்பார்கள். குச்சி நுனிக்கு ரப்பர் சுற்றுகிற பழக்கத்தை எலி மனெட்டின் பெயரில் சொல்வார்கள்.

"20ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்த ஒரே வாத்தியம்" என்று இன்னொருவர் போட்டிருக்கிறார். எல்லோரும் சொல்கிற வசனம் அது. அந்த "ஒரே"க்குள் போய் நான் மாட்டிக்கொள்ள மாட்டேன்.

ஜனவரி 18

இன்று எங்கள் வீட்டில் டம்பூ பம்பூ. என் பிள்ளைகளும் அவர்களின் கூட்டாளிகளும். கனடாக் குளிரில் மூங்கிலுக்கு எங்கே போவது? கம்பளக் கடையில் கம்பளம் சுற்றி வருகிற மட்டைக் குழாய் சும்மா தந்தார்கள். அதுதான் பூம். தோட்டக் கடையில் செடிக்கு முட்டுக்கொடுக்கிற மூங்கில் கம்பு வாங்கி கட்டர். ஃபூலேக்குத் தும்புத்தடியின் பிடியை வெட்டினேன். (என் கணவர் இன்னும் அந்தத் தும்புத்தடியைத் தேடுகிறார்.) பிஸ்கட் தகரத்துக்கு எங்கள் வீடுகளில் பஞ்சமில்லை, டேனிஷ் பிஸ்கட் தகரம் எடுத்து உள்ளே இருக்கிற ஊசி நூலைக் கொட்டினால் சரி.

பூம் நிலத்தில் குத்துகிற வாத்தியம் என்பது கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டிய பிறகுதான் எல்லோருக்கும் வடிவாக விளங்கியது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் பூங்காவுக்குப் போங்கள்.

தாளம் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்பீர்கள். மிருதங்க வகுப்புக்கோ நடன வகுப்புக்கோ போகிற பிள்ளை என்றால் வேலை பாதி முடிந்தது. தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு. கலிப்சோவிலும் சோகாவிலும் கியூப இசையிலும் ஜமேக்கா மென்டோவிலும் இந்த மூன்று தட்டு எங்காவது ஒளிந்திருக்கும். பாட்டைப் போட்டு "கண்டுபிடி" என்று விடுங்கள். ஒளித்துப் பிடித்து விளையாட்டு மாதிரிப் பிள்ளைகள் தேடுவார்கள்.

ஜனவரி 20

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் டிரினிடாட் பெரியவர் ஒருவர் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். சத்தம் கேட்டு அவரும் வந்தார், சண்டைக்கு இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லோரும் கையால் எண்ணுகிறார்கள், ஒருவர் காலும் அசையவில்லையே" என்றார். பிள்ளைகளை எழுப்பி நடக்கவைத்தார். கால் ஒரே சீராக நாலு அடி எடுத்துவைக்கும், அதன் மேல் கை மூன்று தட்டும். கை காலோடு முட்டுவதும் விலகுவதும்தான் அந்த ஆட்டம். உட்கார்ந்து தகிட தகிட தக சொன்னால் கணக்குச் சரியாக வரும், ஆட்டம் வராது. தெருவில் நடந்துகொண்டே வளர்ந்த இசை இது.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். இளவயதில் அவர் பேன் அடிக்கப் போனதற்கு வீட்டில் அடி விழுந்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஸ்டீல்பேண்ட் என்றால் ரௌடிக் கூட்டம் என்றுதான் பெற்றோர் நினைத்தார்கள். காரணமில்லாமலும் இல்லை. பேண்டுகளுக்குப் போர்ப் படங்களிலிருந்து பெயர் வைத்துக்கொண்டு தெருவில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். 1950 கார்னிவலில் இன்வேடர்ஸும் டோக்கியோவும் மோதியதைப் பற்றிப் பிறகு கலிப்சோவே வந்தது. இப்போது அதே பேனுக்கு நாங்கள் பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறோம்.

ஜனவரி 22

"கலிப்சோ அரசன் பெலஃபொன்டேயின் வாழைப்பழப் பாட்டை விட்டுவிட்டீர்களே" என்று கோபமாக ஒரு செய்தி. விடவில்லை, வரும் என்று வைத்திருந்தேன்.

ஹரி பெலஃபொன்டே பிறந்தது நியூயோர்க்கில், ஜமேக்காப் பெற்றோருக்கு. 1956இல் வந்த தொகுப்பின் பெயர்தான் கலிப்சோ. பாட்டோ ஜமேக்காவின் துறைமுகத் தொழிலாளர் பாட்டு. இரவு முழுக்க வாழைக்குலை சுமந்து கப்பலில் ஏற்றுகிறவர்கள், விடிந்துவிட்டது, கணக்குப்பிள்ளை வந்து குலையை எண்ணட்டும், நாங்கள் வீட்டுக்குப் போகிறோம் என்று பாடுகிறார்கள். டிரினிடாட் கலிப்சோவுக்கும் இதற்கும் நேரடிச் சொந்தம் இல்லை. அதற்காக ஒதுக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் குறைவு: ஒருவர் இழுக்க, கூட்டம் பதில் சொல்லும். காரில் போகும்போது நீங்கள் இழுங்கள், பின் இருக்கை பதில் சொல்லட்டும். நாலாவது தரம் பாடும்போது "அவர்கள் ஏன் இரவில் வேலை செய்தார்கள்?" என்று கேள்வி வரும். இரவு வேலைக்குப் போகிற அம்மாவின் பிள்ளை என்றால் இன்னும் கெதியாக வரும்.

பெலஃபொன்டேக்கு முன்பே, 1954இல், அதே வாழைப்பழத் தொழிலாளர் பாட்டை லூயீஸ் பெனட் இசைத்தட்டில் பாடியிருக்கிறார். அவரைத் தனியாக எழுத வேண்டும்.

பெப்ரவரி 1

லூயீஸ் பெனட். ஜமேக்காவில் மிஸ் லூ என்றால் தெரியாதவர் இல்லை. ஊர்ப் பேச்சைப் பள்ளிக்கூடங்களில் "உடைந்த ஆங்கிலம்" என்று திட்டிய காலத்தில் அந்தப் பேச்சிலேயே கவிதை எழுதி மேடையேறியவர். 1970இலிருந்து 1982 வரை ரிங் டிங் என்று தொலைக்காட்சியில் சனிக்கிழமைச் சிறுவர் நிகழ்ச்சி நடத்தினார். பிள்ளைகள் வந்து ஊர்ப் பாட்டும் கதையும் விடுகதையும் சொல்வார்கள். கடைசிக் காலத்தில் எங்கள் ரொறன்ரோவில் வாழ்ந்து, 2006இல் இங்கேயே காலமானார். நகரத்தின் ஏரிக்கரையில் ஹார்பர்ஃப்ரண்டில் அவர் பெயரில் ஓர் அறை இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

ஒரு தீவைப் பிடியுங்கள் என்று நான்தானே சொன்னேன். மிஸ் லூவைப் பற்றி எழுதும்போது அந்த யோசனை கொஞ்சம் தளர்கிறது. தீவை விட ஆளைப் பிடிப்பது பிள்ளைகளுக்குச் சுலபம். யார் பாடினார், அவருக்கு என்ன வயது, அவருடைய அம்மா திட்டினாரா என்பதையெல்லாம்தான் கேட்கிறார்கள். அந்தக் கணக்கில் கிங்ஸ்டனின் அல்ஃபா பையன்கள் பள்ளியையும் சொல்லுங்கள். கத்தோலிக்கச் சகோதரிகள் நடத்திய விடுதிப் பள்ளி. வீட்டு வசதியில்லாத பையன்கள், குழப்படிப் பையன்கள் என்று பலர் அங்கே வளர்ந்தார்கள். பித்தளை வாத்தியம் பழக்கினார்கள். சகோதரி மேரி இக்னேசியஸ் என்ற கன்னியாஸ்திரி அந்தப் பையன்களுக்கு இசைத்தட்டு போட்டுக் காட்டுவார், அவரிடம் பெரிய சேகரிப்பே இருந்தது. டொன் டிரம்மண்ட், டொமி மக்குக் எல்லாம் அங்கே படித்தவர்கள். ஸ்கா இசையைத் தூக்கி நிறுத்திய ஸ்கட்டலைட்ஸ் குழுவில் இப்படி அல்ஃபாப் பையன்கள் பலர். ரெகேக்கு முன் ஸ்கா, அந்த ஸ்காவுக்குள் ஒரு கன்னியாஸ்திரியின் இசைத்தட்டுப் பெட்டி. என் மகனுக்கு பாப் மார்லியை விட இந்தக் கதைதான் பிடித்தது.

பெப்ரவரி 7

பாட்டு வரிகள் பற்றி. மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், இனித் தப்ப முடியாது.

கலிப்சோவில் பாதி இரட்டை அர்த்தம். மீதிப் பாதி ஒரே அர்த்தம், அது இன்னும் மோசம். டிரினிடாட் பாடகர் மைட்டி ஸ்பாரோவை 1956 கார்னிவல் போட்டியில் கலிப்சோ அரசனாக்கிய பாட்டு அமெரிக்கப் படையினர் போன பிறகு வருமானம் இழந்த பெண்களைக் கேலி செய்வது. அதைப் போட்டுவிட்டு ஏழு வயதுக்கு விளக்கம் சொல்லிப் பாருங்கள்.

அதனால் பெரிய குழுக்களின் பேன் இசையைப் போடுங்கள், வரியே இல்லை. பாட்டுத்தான் வேண்டும் என்றால் அதே ஸ்பாரோ 1963இல் பாடிய டேன் இஸ் த மேன். ஆங்கிலேயர் காலப் பாடப்புத்தகத்தில் இருந்த அசட்டுக் கதைகளையும் குழந்தைப் பாட்டுகளையும் வரிசையாக எடுத்துக் கிழிக்கிறார். அதையெல்லாம் ஒழுங்காகப் படிக்கிற மூளை இருந்திருந்தால் நான் முட்டாளாகியிருப்பேன் என்பதுதான் பகிடி. பாடப்புத்தகத்தைத் திட்டுகிற பாட்டு பிடிக்காத பிள்ளை உண்டா? வீட்டுப்பாடத்துக்கு எதிராக அந்தப் பாட்டு திரும்பினால் பொறுப்பு உங்களுடையது.

கலிப்சோ அந்தக் காலத்துச் செய்தித்தாளும் கூட. தேர்தல், விலைவாசி, கிரிக்கெட், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் பாட்டாகும். மேடையிலேயே இருவர் ஒருவரையொருவர் கேலி செய்து இட்டுக்கட்டிப் பாடுவதும் உண்டு, பிக்கோங் என்பார்கள். பிள்ளைகளை இந்த வாரம் பள்ளியில் நடந்ததை நாலு வரியில் பாடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் வந்த முதல் கலிப்சோ என் சமையலைப் பற்றியது. வரிகளை இங்கே போடப்போவதில்லை.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு: கலிப்சோ ரோஸ். 1978இல் பட்டத்தை வென்ற முதல் பெண். அதுவரை "கலிப்சோ அரசன்" என்றிருந்த பட்டத்தின் பெயரையே இவருக்காக மாற்ற வேண்டி வந்தது.

பெப்ரவரி 15

கார்னிவல் நேரம். பனோரமா கேட்டீர்களா? 1963இல் தொடங்கிய ஸ்டீல்பேண்ட் போட்டி, டிரினிடாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த அடுத்த வருசம். முதல் வருசம் வென்றது அந்தோனி வில்லியம்ஸின் நோர்த் ஸ்டார்ஸ். அவர்கள் வாசித்தது மேலே சொன்ன அதே பாடப்புத்தகப் பாட்டு.

பெரிய குழுவில் நூறு பேருக்கு மேல் நிற்பார்கள். தாளில் பார்த்து யாரும் வாசிப்பதில்லை. ஏறத்தாழ எட்டு நிமிட இசை முழுதும் மனப்பாடம். இசையமைப்பாளர் பேன் யார்டுக்கு, குழு பழகுகிற இடத்துக்கு, வந்து ஒரு துண்டை வாசித்துக் காட்டுவார், அடுத்தவர் பார்த்து வாசிப்பார், அவரைப் பார்த்து அடுத்தவர். பகலில் தச்சர், தாதி, பள்ளிப் பிள்ளை, எல்லோரும் மாலையில் அங்கே.

பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும்போது மெட்டைக் கேட்கச் சொல்லாதீர்கள். நடுவில் எஞ்சின் ரூம் என்று ஒரு கூட்டம் நிற்கும். காரின் பிரேக் டிரம்மை இரும்புக் கம்பியால் அடிக்கிறவர்கள், சுரண்டுகிறவர்கள், மாட்டுமணி அடிக்கிறவர்கள். அந்த இரும்புச் சத்தத்தை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். ஒருமுறை பிடித்துவிட்டால் பிறகு விடமாட்டார்கள்.

பெப்ரவரி 16

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்திருக்கிறார். மகளுக்கு கீபோர்ட் வகுப்பும் உண்டாம், பேனில் சுரம் "தாறுமாறாக" இருக்கிறது என்று குழம்புகிறாளாம். தாறுமாறு இல்லை. கீபோர்டில் ச வுக்குப் பக்கத்தில் ரி. மெட்டு வாசிக்கிற டெனர் பேனில் வெளிவட்டத்தில் ச வுக்கு ஒரு பக்கம் ப, மறுபக்கம் ம. அப்படியே ஐந்து ஐந்தாகத் தாவி வட்டம் முழுக்கச் சுற்றிவரும். மேல் ச வேண்டுமா, கீழ் ச வுக்கு நேர் உள்ளே பாருங்கள். இந்த அடுக்கும் அந்தோனி வில்லியம்ஸின் வேலைதான். சிலந்திவலை என்று பெயர். சேர்ந்து இனிமையாக ஒலிக்கிற சுரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், பக்கத்து இரண்டை ஒன்றாகத் தட்டினாலும் காதுக்கு உறுத்தாது.

மார்ச் 8

"இதில் எங்களுக்கு என்ன இருக்கிறது, ஆப்பிரிக்கர்களின் இசைதானே" என்று ஒருவர். கேட்ட தொனி பிடிக்கவில்லை, ஆனாலும் பதில் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு இசையைப் பிள்ளைக்குக் காட்ட அதில் எங்கள் பங்கு இருக்க வேண்டும் என்று விதியில்லை.

இரண்டாவது, பங்கு இருக்கிறது. 1845 மே 30இல் ஃபட்டேல் ரசாக் என்ற கப்பல் டிரினிடாட்டில் முதல் இந்தியத் தொழிலாளரை இறக்கியது. பெரும்பாலானோர் வட இந்தியர். அவர்கள் கொண்டுபோனது தாசா: மண் சட்டியில் ஆட்டுத்தோல் கட்டி, நெருப்பருகே சூடாக்கி முறுக்கேற்றி, இரண்டு மெல்லிய குச்சியால் அடிப்பது. மேளத்தைத் தடுத்த அதே 1884ஆம் ஆண்டு, ஒக்டோபர் 30இல், சான் ஃபெர்னாண்டோவில் ஹோசே ஊர்வலத்தின் மீது காவல்துறை சுட்டது. முகர்ரம் ஊர்வலம்தான், இந்துக்களும் சேர்ந்து போவார்கள். பலர் இறந்தார்கள். ஒரே வருசம், இரண்டு கூட்டத்தின் மேளத்துக்கும் பயம். இன்று தாசாவில் முன்னணி வாசிப்பவரையும் கட்டர் என்றுதான் அழைக்கிறார்கள்.

பிறகு 1970களின் தொடக்கத்தில் லோர்ட் ஷோர்ட்டி என்பவர், பிந்தி ராஸ் ஷோர்ட்டி, இந்தியக் குடும்பங்கள் நிறைந்த லெங்குவா பக்கம் வளர்ந்தவர், தோலக் என்ற மேளத்தையும் தண்டால் என்ற இரும்புக் கம்பி வாத்தியத்தையும் கலிப்சோவுக்குள் கொண்டுவந்தார். சோகா பிறந்தது. ஊரே ஆடுகிற சோகாவின் அடியில் தோலக் இருக்கிறது.

தமிழர்? கயானாவின் மாரியம்மன், காளி கோயில்களில் தப்பு இன்றும் அடிக்கிறார்கள். மெட்ராஸிலிருந்து போனவர்களின் வழிவந்தவர்கள். ரொறன்ரோவில் கயானாக்காரர் நிறையப்பேர், கேட்டால் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர் 1853இல் மார்ட்டினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழரை ஏற்றிப்போனார்கள். குவாதலூப் கோயில்களில் மத்தளமும் தாளமும் இன்னும் உண்டு. மொழி போய்விட்டது, மேளம் போகவில்லை. அதே குவாதலூப்பில் ஆப்பிரிக்க வழியினர் உப்பிறைச்சி வந்த பீப்பாயில் தோல் கட்டி குவோகா அடித்தார்கள். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

பறையைப் பற்றி இருவர் நீளமாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். இங்கே போட்டால் இரண்டு கதையும் சரியாக நடக்காது.

ஏப்ரல் 19

"இதுக்கு கிரேட் எக்ஸாம் இருக்கா அக்கா?"

இருந்தால் உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

மே 3

பரீட்சை பற்றிப் போன முறை எழுதியது கடுமை என்று ஒரு அம்மா வருத்தப்பட்டிருக்கிறார். கடுமைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். பார்த்துக் கேட்டுப் பழகுகிற இசை இது. பிள்ளை பக்கத்தில் நிற்கிற பிள்ளையிடமிருந்து கற்கிறது. வீட்டில் தனியே வாசித்து மதிப்பெண் எடுக்கிற மாதிரி ஆக்கினால் அந்தப் பக்கத்துப் பிள்ளை காணாமல் போய்விடும். எங்கள் பிள்ளைகளுக்கு வாரம் முழுக்கத் தனியே போட்டி போடுகிற வகுப்புகள் போதாதா? என் மூத்தவளுக்கு பேஸ் பேன் கொடுத்தார்கள், ஆறு டிரம், ஒன்றுக்கு மூன்று சுரம். மெட்டே இல்லை என்று முதலில் அழுதாள். பிறகு அவள் நிறுத்தினால் முழுக் குழுவும் தள்ளாடுவதைக் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து வேறு பேன் வேண்டாம் என்கிறாள். அதிகாரமும் ஒரு வகை இசை ரசனை போலும்.

ஜூலை 5

கோடை வந்துவிட்டது, பூங்காவுக்கு ஏற்றது: வட்ட விளையாட்டுகள். பிள்ளைகள் வட்டமாக நின்று கைதட்டிப் பாட, ஒருவர் நடுவில் நின்று தனக்குப் பிடித்த அசைவைக் காட்டுவார், மற்றவர்கள் அதைச் செய்வார்கள், பிறகு அவர் அடுத்த ஆளைத் தெரிவார். போனி எம் குழு 1978இல் பாடிப் பணம் பார்த்த பிரவுன் கேர்ள் இன் த ரிங் பாட்டு இந்த மாதிரி விளையாட்டுத்தான். அமெரிக்க நாட்டார் பாட்டுச் சேகரிப்பாளர் அலன் லோமாக்ஸ் 1962இல் டிரினிடாட், டொமினிக்கா, செயின்ட் லூசியா, கரியாக்கு என்று தீவு தீவாகப் போய்ப் பிள்ளைகள் விளையாடும்போது ஒலிப்பதிவு செய்தார். டொபேகோக்காரரான ஆய்வாளர் ஜே. டி. எல்டரோடு சேர்ந்து பிறகு புத்தகமும் வந்தது. அந்த ஒலிப்பதிவுகளைக் கேளுங்கள். மெருகு இல்லை, நடுவில் சிரிப்பு, ஒரு பிள்ளை பிந்தித் தொடங்குகிறது. ஸ்டூடியோவில் செய்த சிறுவர் தொகுப்பை விட என் பிள்ளைகளுக்கு இதுவே பிடித்தது. "இவர்களும் பிழை விடுகிறார்கள்" என்றான் மகன், பெரிய நிம்மதியோடு.

இந்த மாதம் ஸ்காபரோவிலேயே சிறுவர் கார்னிவல் ஊர்வலம் வரும். ஆகஸ்ட் பெரிய ஊர்வலத்தின் கூட்டத்தில் சின்னப் பிள்ளைகளோடு நிற்பதை விட இது எவ்வளவோ மேல். 1967இல் கனடாவின் நூற்றாண்டுக்குக் கரீபியன் மக்கள் ரொறன்ரோவுக்குக் கொடுத்த பரிசாகத் தொடங்கியதுதான் அந்தப் பெரிய ஊர்வலம். தண்ணீர்ப் போத்தலும் காதடைப்பானும் கட்டாயம். லொறியில் வருகிற ஒலிபெருக்கி சின்னக் காதுக்கு நல்லதல்ல.

ஆகஸ்ட் 12

நேற்று உலக ஸ்டீல்பேன் நாள். ஐ.நா. பொதுச்சபை 2023இல் ஆகஸ்ட் 11ஐ அறிவித்தது. டிரினிடாட் அரசுச் சின்னத்தில் கொலம்பஸின் மூன்று கப்பலும் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டுப் பேனை வைக்கும் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பழைய சின்னத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து "என்ன மாறியிருக்கிறது?" என்று பிள்ளைகளிடம் கேட்டேன். கப்பலைக் காணோம் என்றார்கள். யாருடைய கப்பல், ஏன் எடுத்தார்கள் என்று சாப்பாட்டு நேரம் முழுக்கப் போனது. ஜனவரியில் வரலாறு சொல்லலாமா என்று கேட்டவர்களுக்கு இதுவும் ஒரு வழி.

அப்புறம், தம்பி சொந்தமாகப் பேன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். விளையாட்டுக் கடையில் சுரத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி விற்பதை வாங்காதீர்கள், பெரும்பாலும் சுருதி சேராது. முடிந்தால் வாடகைக்கு எடுங்கள். பழையதை வாங்குவதானால் கைப்பேசியில் சுருதி பார்க்கிற செயலியோடு போங்கள். எல்லாச் சுரத்தையும் மெதுவாகத் தட்டிப் பாருங்கள், கீழே துரு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், சுருதி சேர்க்க ஆள் பிடிக்கிற செலவையும் விலையோடு கூட்டுங்கள். ரப்பர் தேய்ந்த குச்சியால் அடிக்க விடாதீர்கள். ஆனால் மகள் இப்போது வாசிப்பது டெனரா, இரண்டு டிரம் சேர்ந்த டபிள் செக்கண்டா? அதைச் சொல்லாமல் எதை வாங்குவது என்று நான் எப்படிச் சொல்வது?